துண்டுக்கு அடியில் பேசிய விலை

அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவருடைய இடது கையில் ஊசி ஏறியிருந்தது. நெஞ்சிலும் கை கால்களிலும் ஈ.சி.ஜி. ஒட்டுகள். ரத்தம் எடுத்து முடித்த நர்ஸ், குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். "தாயி, இதற்கெல்லாம் என்ன விலை ஆகும்?" என்றார் அப்பா, தமிழில்தான். அந்தப் பெண் பதறிப்போய் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்? வலி கூடிவிட்டதா?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஒன்றுமில்லை, உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றேன்.

2016 அக்டோபரில் நடந்தது. நியூ ஜெர்சியில் எடிசனுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்தோம். ஆறு மாத விசாவில் அப்பா வந்திருந்தார். இரவுச் சாப்பாடு முடிந்து அரைமணி நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தவரைப் பார்த்ததும், என் மனைவி கார்ச் சாவியை எடுத்துவிட்டாள். "மாமா, செருப்பெல்லாம் வேண்டாம், அப்படியே வாருங்கள்" என்று கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். அந்த நிலையில் யார் விலை கேட்பார்கள்? அப்பா கேட்பார். விருதுநகரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் நாற்பது ஆண்டு கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மல்லி, வற்றல், உளுந்து என்று எதுவும் பெரிதாக விளையாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்கெங்கோ விளைந்த சரக்குக்கு விலை சொன்னவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர். நாளிதழில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று வரும் நான்கு வரியை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் நான் தமிழே கற்றுக்கொண்டேன்.

சற்று நேரம் கழித்து என்னை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டாரோ என்னவோ, எக்ஸ்ரே எடுக்க வந்தவரிடம் அவரே ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார். அந்த ஆள் சிரித்தபடி, நேர்மையாகவே, "எனக்குத் தெரியாது ஐயா. இங்கே யாருக்கும் தெரியாது" என்றார். அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நோயாளியின் பார்வை அல்ல அது. எடைக்கல் இல்லாத கடைக்குள் நுழைந்துவிட்டவரின் பார்வை. "விலை தெரியாமலா விற்கிறார்கள்?" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரையை எழுத வைப்பது அந்த வெட்கம்தான். மருத்துவமனையில் விலை கேட்பது கஞ்சத்தனம், கொஞ்சம் அநாகரிகம் என்று நான் நினைத்திருந்தேன். படித்தவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது, யாருக்கு வசதியாக வந்தது என்று யோசிக்கப் பல மாதங்கள் ஆயின.

இரண்டு தாள்கள்

இதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை. மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, ஓர் இரவு கண்காணிப்பு, காலையில் டிரெட்மில்லில் ஓட்டம். எல்லாம் பார்த்துவிட்டு, அமில எதுக்களிப்பு என்று சொல்லி அனுப்பினார்கள். வத்தக்குழம்பின் வேலை. வீட்டுக்கு வந்து சிரித்தோம். சிரிப்பு மூன்று வாரம் நீடித்தது.

பிறகு உறைகள் வரத் தொடங்கின. முதலில் மருத்துவமனையின் பில், 18,640 டாலர். அன்றைய கணக்கில் 12 லட்சம் ரூபாய்க்கும் மேல். அதோடு முடிந்தது என்று நினைத்தால், அவசரச் சிகிச்சை டாக்டரின் பில் தனியாக, வேறொரு ஊர் முகவரியிலிருந்து வந்தது. இதய நோய் டாக்டருக்குத் தனி. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து இரண்டு வரி எழுதியவருக்கும் தனி. அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. அப்பாவுக்காக எடுத்திருந்த பயணக் காப்பீடு கைகொடுக்கும் என்று இருந்தேன். அவர் எட்டு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போடுவதைக் காட்டி, இது ஏற்கனவே இருந்த நோயின் தொடர்ச்சி என்று அவர்கள் கைகழுவிவிட்டார்கள். வத்தக்குழம்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்துக்கு வந்த பதில் நான்கு வரி.

அதுவரை இது எல்லா இந்தியக் குடும்பங்களும் சொல்லும் கதைதான். அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் ஒன்று வைத்திருப்பார்கள். என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொன்று. வரிக்கணக்குக்காகக் கோப்பைக் கிளறியபோது, முந்தைய ஆண்டின் தாள் ஒன்று அகப்பட்டது. படபடப்பு என்று நானே அதே மருத்துவமனைக்கு, அதே பிரிவுக்குப் போயிருந்தேன். எனக்கும் ஈ.சி.ஜி., ட்ரோபோனின், எக்ஸ்ரே. என் நிறுவனத்தின் காப்பீடு பணம் கட்டியது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஈ.சி.ஜி.க்கு இரண்டிலும் 93005 என்ற ஒரே குறியீட்டு எண், இரண்டிலும் ஒரே விலை, 486 டாலர். ஆனால் என் தாளில் அந்த விலைக்குப் பக்கத்தில் 'சரிக்கட்டல்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் 425 டாலர் கழிந்து, மீதி 61 டாலரைத்தான் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தது. மருத்துவமனையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அப்பாவின் தாளில் அந்தக் கட்டமே இல்லை.

61 டாலருக்கு முடிகிற பரிசோதனைக்கு 486 டாலர் கேட்கிறார்கள் என்பதைக்கூட விட்டுவிடலாம். யாரிடம் கேட்கிறார்கள் என்பதுதான் உறுத்தியது. சம்பளமும் காப்பீடும் உள்ள எனக்கு 61. வேட்டியும் துண்டுமாக வந்திருக்கிற, காப்பீடு இல்லாத ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளைக்கு 486.

பிரின்ஸ்டன் கணக்குப்பிள்ளை

இந்த 486 எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் ஊவே ரைன்ஹார்ட் எழுதியவை கண்ணில் பட்டன. எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், 1968 முதல் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தவர். மருத்துவப் பொருளாதாரத்தில் பெரிய பெயர். ஆனால் மாணவர்கள் அவரை நிதிக் கணக்கியல் வகுப்புக்காகவும் நினைவில் வைத்திருந்தார்கள். ஆக, அவரும் ஒரு கணக்குப்பிள்ளை. அது தெரிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "அப்படியானால் பேரேட்டைப் புரட்டத் தெரிந்தவர், நம்பலாம்" என்றார்.

2006இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே அமெரிக்க மருத்துவமனை விலைகளை 'ரகசியத் திரைக்குப் பின்னால் நடக்கும் குழப்பம்' என்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் ஆயிரக்கணக்கான இனங்களுக்கு ஒரு மூல விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. அந்த விலையை, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கொடுப்பதில்லை. அதற்குத் தனி விகிதம். காப்பீட்டு நிறுவனங்களும் கொடுப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் வலுவுக்கு ஏற்ற தள்ளுபடியைப் பேரம் பேசி, ரகசியம் என்று ஒப்பந்தமும் போட்டுக்கொள்கிறது. முழு விலையைக் கேட்டு நிற்பது காப்பீடே இல்லாதவனிடம் மட்டும். அந்தப் பட்டியலை வெளியிட வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்ட பிறகு, சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு ஒரு மருத்துவமனையில் 120 டாலரும் இன்னொன்றில் 1,500 டாலருக்கு மேலும் எழுதியிருந்தது தெரிய வந்ததாம். எக்ஸ்ரேவுக்கு, இதய மாற்று அறுவைக்கு அல்ல.

நோயாளிகள் இனி 'விவரமாக வாங்க வேண்டும்' என்று கொள்கை வகுப்பவர்கள் பேசத் தொடங்கியபோது ரைன்ஹார்ட் சொன்ன உவமை ஒன்று உண்டு. கண்ணைக் கட்டி ஒருவரைப் பெரிய துணிக்கடைக்குள் தள்ளிவிட்டு, சிக்கனமாக வாங்கி வா என்று சொல்வது போன்றது அது. என்ன வாங்கினோம், எவ்வளவு ஆயிற்று என்பது வாரங்கள் கழித்துத் தபாலில் வரும் தாளில்தான் தெரியும். இதைப் படித்தபோது எனக்கு எக்ஸ்ரே எடுத்தவரின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது, இந்தக் கேள்விகள் நூலகத்தில் முளைத்தவை அல்ல என்று தோன்றியது. 1937இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் பிறந்தவர். குழந்தைப் பருவம் முழுக்கப் போர். போர் முடிந்த பிறகு அவர் குடும்பம் கருவிகள் போட்டுவைக்கும் கொட்டகையில் குடியிருந்தது. ஆனால் அந்த வறுமையிலும் மற்றவர்களுக்குக் கிடைத்த அதே மருத்துவம் தங்களுக்கும் கிடைத்தது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இருபது வயதை எட்டும் முன்பே கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் படித்து 1964இல் பட்டம் வாங்கினார். கனடாவிலேயே முதன்முதலாக அந்த மாகாணம்தான் 1962 ஜூலையில் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. எதிர்த்து டாக்டர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாணவராக அந்தச் சண்டையின் நடுவில் இருந்தவருக்கு, மருத்துவச் செலவு என்பது ஒருவருடைய வருமானமும்தான் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், அங்கு 1970இல் முனைவர் பட்டம். டாக்டர்களின் தொழில் எப்படி நடக்கிறது என்பதுதான் ஆய்வு.

2003இல் ஜெரார்ட் ஆண்டர்சன் உள்ளிட்ட மூவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. அமெரிக்கா 2000இல் தன் மொத்த உற்பத்தியில் 13 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிட்டது. வளர்ந்த நாடுகளின் பட்டியலில் நடுவில் நிற்கும் நாடு செலவிட்டது 8 சதவீதம். அப்படியானால் அமெரிக்கர்கள் டாக்டரிடம் அதிகம் போகிறார்களா, மருத்துவமனையில் அதிக நாள் படுத்திருக்கிறார்களா? இல்லை, குறைவாகத்தான். பிறகு பணம் எங்கே போகிறது என்றால், விலையில். கட்டுரையின் தலைப்பு அதைத்தான், படிப்பவரைச் செல்லமாக முட்டாள் என்று அழைத்துச் சொல்கிறது. அப்பாவின் கேள்வியை நான்கு பேர் சேர்ந்து பல நாடுகளின் புள்ளிவிவரத்தோடு கேட்டிருக்கிறார்கள். நான் நர்ஸிடம் அதை 'நன்றி' என்று மொழிபெயர்த்திருக்கிறேன்.

துண்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்களையும் விரித்து, படித்ததையெல்லாம் அப்பாவுக்கு விளக்கினேன். உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். மூல விலைப்பட்டியல், ரகசிய ஒப்பந்தம், தள்ளுபடி. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, என் வலது கையின்மேல் போட்டார். துண்டுக்கு உள்ளே தன் கையை விட்டு என் இரண்டு விரலை இறுக்கிப் பிடித்தார். "இது எவ்வளவு, சொல் பார்ப்போம்?" என்றார்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் பேசும் முறை. சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். வாய் திறந்து விலை பேசமாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் ஆயிரக் கணக்கு, மடக்கினால் ஐநூறு, இப்படி அவரவர் ஊருக்கு ஒரு கணக்கு. நான் சிறுவனாக இருந்தபோது தாத்தாவோடு சந்தைக்குப் போய் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். "நீ சொல்கிற பேராசிரியர் திரை என்கிறார். நம் ஊரில் இதற்குத் துண்டு என்று பெயர்" என்றார் அப்பா. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விரலை விடவும் இல்லை.

"ஆனால் ஐயா, அந்தத் துண்டுக்கு ஒரு நியாயம் உண்டு. உள்ளே இருப்பது இரண்டு கை. விற்கிறவன் கை, வாங்குகிறவனுக்காகப் பேசுகிறவன் கை. நான் இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக்கொண்டு படுத்திருந்தேனே, என் கை எங்கே இருந்தது?"

எனக்குப் பதில் வரவில்லை. ரைன்ஹார்டின் கட்டுரைகளை ஒரு மாதமாகப் படித்தும், நான் அந்த ரகசியத்தைத்தான் குற்றமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது என்று. அப்பாவுக்கு ரகசியம் பெரிய விஷயமில்லை. அவர் கடையிலும் கடன் விலை ஒன்று, ரொக்க விலை ஒன்று, மூட்டைக்கணக்கில் எடுக்கிற வாடிக்கைக்காரருக்கு ஒன்று என்று இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஒரே சரக்குக்கு இரண்டு விலை என்பது வியாபாரம். ஆனால் பேரத்துக்குள் கையே விடமுடியாதவனிடம், உள்ளே பேசியவர்கள் யாரும் கொடுக்கச் சம்மதிக்காத விலையைச் சொல்லி வாங்குவதை அவரால் எந்த வியாபாரத்திலும் சேர்க்க முடியவில்லை. அன்றிரவு ரைன்ஹார்டை மறுபடி எடுத்துப் படித்தேன். அவரும் வெளிப்படைத்தன்மையோடு நின்றுவிடவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஜெர்மனியைப் போல, காப்பீட்டுத் தரப்பு முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து, மருத்துவமனைகளோடு ஒரே விலைப்பட்டியலைப் பேசி முடிக்க வேண்டும், அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். துண்டை எடு என்பதல்ல, எல்லோருடைய கையையும் உள்ளே விடு என்பது.

அமெரிக்காவில் நடக்காத காரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பக்கத்தில் மேரிலாந்தில் 1970களிலிருந்து ஓர் ஆணையம் மருத்துவமனை விலையை நிர்ணயிக்கிறது. ஒரே மருத்துவமனையில் ஒரே சேவைக்கு எந்தக் காப்பீட்டுக்காரருக்கும், காப்பீடு இல்லாதவருக்கும் அடிப்படையில் ஒரே விகிதம். நியூ ஜெர்சியிலேயே இது இருந்திருக்கிறது! ஒவ்வொரு ஊசிக்கும் பஞ்சுக்கும் தனித்தனியாக பில் போடாமல், நோயின் வகைக்கு ஏற்ப இவ்வளவு என்று மொத்தமாக விலை வைக்கும் முறையை யேலில் உருவாக்கினார்கள். அதை 1980இல் முதலில் ஒரு மாநிலம் முழுக்க, பணம் கட்டுகிற எல்லோருக்கும் பொதுவாக நடத்திப் பார்த்தது நியூ ஜெர்சி. 1983இல் மெடிகேர் அதை நாடு முழுக்க எடுத்துக்கொண்டது. இன்று உலகத்தில் பல நாடுகள் அதன் ஏதோவொரு வடிவத்தில் கணக்குப் பார்க்கின்றன. ஆனால் முதலில் நடத்திப் பார்த்த நியூ ஜெர்சியில் எல்லோருக்கும் பொதுவான விலை நிலைக்கவில்லை. வசதியில்லாதவர்களின் செலவை ஈடுகட்ட மற்றவர்களின் பில்லில் ஏற்றிய கூடுதல் தொகை வழக்குக்குப் போயிற்று. சந்தைப் போட்டியே விலையைக் குறைக்கும் என்ற பேச்சு ஓங்கியது. 1992இல் சட்டமன்றம் அதைக் கலைத்துவிட்டது. அதன் பிறகுதான் பேரத்துக்குத் துண்டு விரித்தார்கள்.

நூற்றுக்குப் பதினைந்து கூட

ரைன்ஹார்ட் எழுதியதோடு நிற்காமல் நேரடியாகக் கைவைத்த இடமும் நியூ ஜெர்சிதான். மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரத்தில், ஆளுநர் ஜான் கோர்சைன் ஓர் ஆணையம் அமைத்து அவரைத் தலைவராக்கினார். அறிக்கை 2008இல் வந்தது. அதே ஆண்டு ஒரு சட்டமும் வந்தது. மாநிலத்தில் வசிக்கும் காப்பீடு இல்லாத ஒருவரின் குடும்ப வருமானம் மத்திய வறுமைக்கோட்டின் ஐந்து மடங்குக்குக் கீழே இருந்தால், மெடிகேர் கொடுப்பதைவிட 15 சதவீதத்துக்கு மேல் அவரிடம் வாங்கக் கூடாது. ஒரு பேராசிரியர் வாழ்நாளெல்லாம் விலையைப் பற்றிப் பேசியதில் நேரடியாக எத்தனை பேர் பில்லில் எத்தனை டாலர் குறைந்தது என்று கேட்டால், இதைக் காட்டலாம்.

இதைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையின் பில் பிரிவுக்குத் தொலைபேசினேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலிலேயே இரண்டு கட்டளை போட்டிருந்தார். ஒன்று, எவ்வளவு தர முடியும் என்று நானாக வாய் திறக்கக் கூடாது. இரண்டு, கடைசியில் 'ரொக்கம், இன்றைக்கே' என்று சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண்மணி வந்தார். பொறுமையானவர். நான் சட்டத்தைச் சொன்னதும், தெரியும் என்றார். "ஆனால் அது இந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு. உங்கள் அப்பா விருந்தாளிதானே?" விருந்தாளி! ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா அந்தச் சொல்லுக்குத் தலையை ஆட்டினார், ஏதோ வரவேற்பு கிடைத்தது போல. மெடிகேர் இதற்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டேன். சொல்ல அனுமதியில்லை என்றார். சொல்ல மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். மேலாளரிடம் பேசினேன். அவருக்கு மேல் ஒருவரிடம் பேசினேன். மூன்றாவது வாரத்தில் 'சுயமாகக் கட்டுவோர் தள்ளுபடி' என்று ஒன்று எங்கிருந்தோ முளைத்தது. அதன்மேல் 'உடனடியாகக் கட்டினால்' என்று இன்னொன்று. 18,640 டாலர் 4,100 ஆகிவிட்டது. அன்றே கட்டினேன்.

வெற்றிதான். ஆனால் அதன் பிறகு பல நாள் எனக்கு வாய் கசந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும், மூன்று வாரம் தொங்குவதற்கு நேரம் இருந்தது, பக்கத்தில் விருதுநகர்க் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். இவை எதுவும் இல்லாதவர் அந்த முதல் தாளைப் பார்த்து என்ன செய்திருப்பார்? என்னோடு பேசிய மூவருக்கும் அது வேலை. அவர்களைப் போன்றவர்களின் சம்பளமும் அந்த 486க்குள்தான் இருக்கிறது. ரைன்ஹார்ட் ஒருமுறை செனட் குழு முன்னால், தான் அறங்காவலராக இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் 900 படுக்கைகளும் 900 பில் குமாஸ்தாக்களும் இருப்பதாகச் சொன்னார். படுக்கைக்கு ஒரு நர்ஸ் உண்டா என்று தெரியவில்லை, குமாஸ்தா உண்டு என்றார்.

அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அவரிடம் ஓர் உறுத்தல் உண்டு. விலையைப் பற்றி இவ்வளவு எழுதியவர், லாபத்துக்காக நடக்கும் மருத்துவ நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களிலும் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்து பார்த்ததால்தான் இவ்வளவு துல்லியமாக எழுத முடிந்தது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. பலசரக்குக் கடையின் கூட்டாளியே எடைக்கல் சரியில்லை என்று எழுதினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்றும் தோன்றுகிறது. அப்பாவிடம் கேட்டேன். "எடை குறைவு என்று சொன்னாரா இல்லையா? சொன்னால் போதும்" என்று முடித்துவிட்டார். எனக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை.

அவருடைய சொல் உடனே எடுபட்டதும் வேறு நாட்டில்தான். 1989இல் தைவான் அரசு அழைத்து ஆலோசனை கேட்டபோது, பல காப்பீடுகளை வைத்துக்கொண்டு அல்லாடாமல் ஒரே அரசுக் காப்பீடாக வையுங்கள் என்றார். அந்தத் திட்டத்தை வகுப்பதில் ஹார்வர்டின் வில்லியம் சியாவ் என்ற இன்னொரு பொருளாதார அறிஞரின் உழைப்பு பெரியது. 1995 மார்ச் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. மக்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினருக்குக் காப்பீடே இல்லாதிருந்த நாட்டில், அந்த ஆண்டு முடிவதற்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உள்ளே வந்துவிட்டார்கள். அதே மனிதர் வாழ்ந்த நாட்டிலோ, 1997இல் ஒரு மருத்துவ இதழில் அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்கு நோய் வராமல் தடுத்துக்கொள்ளவும், வந்தால் குணமாகவும், பணக்காரக் குடும்பத்துக் குழந்தைக்கு உள்ள அதே வாய்ப்பு இருக்க வேண்டுமா, வேண்டாமா? ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு கணக்கைப் பேசுவோம் என்பதுதான் அவர் வழக்கு.

2017 நவம்பரில் அவர் இறந்த செய்தியைப் படித்தபோது எண்பது வயது என்று போட்டிருந்தது. அரைமணி நேரத் தொலைவில் இருந்தவரை ஒருமுறை போய்ப் பார்த்து, துண்டுக் கதையைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. ஜெர்மன்காரருக்கு அந்தத் துண்டு பிடித்திருக்கும்.

2021 ஜனவரியிலிருந்து எல்லா மருத்துவமனைகளும் பேரம் பேசிய விலைகளையும் வெளியிட வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. எங்கள் மருத்துவமனையின் கோப்பு வெளிவந்தபோது ஆவலோடு இறக்கினேன். மடிக்கணினி இரண்டு முறை உறைந்து நின்றது. மூன்றாம் முறை 93005 என்று தேடினேன். ஒரே ஈ.சி.ஜி.க்குப் பக்கத்தில் பக்கத்தில் பதினோரு விலை. கட்டங்களின் தலைப்பில் காப்பீட்டு நிறுவனங்களின் பெயர்கள். துண்டு இல்லாமல் அத்தனை விரல்களையும் பார்த்தது முதலில் பரவசமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருக்கும் ஒருவர் இந்தக் கோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று யோசித்து மூடிவிட்டேன்.

போன ஆண்டு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு அறுவைக்குத் தேதி கொடுத்தார். கீழே மேசையில் இருந்த இளம்பெண்ணிடம் அப்பா, நான் எதிர்பார்த்ததுபோலவே, எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அந்தப் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"காப்பீடா ஐயா, ரொக்கமா?"

"நீ விலையைச் சொல் தாயி. எதில் கட்டுவது என்று நான் பிறகு சொல்கிறேன்."

"அதைச் சொன்னால்தான் விலை சொல்ல முடியும் ஐயா."

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து மேசைமேல் விரித்து, அதற்கடியில் கையை நீட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பெண் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா என்ன கேட்கிறார்?" என்றார், கொஞ்சம் பயந்த குரலில்.

"விலை கேட்கிறார்" என்றேன்.